பால்வெட்டும் பையனுக்காக ஒரு மடல்

மலேரியா பரவலைக் கொசுவிலேயே மறிக்கும் தடுப்பூசிக்காக உழைக்கும் ஆய்வாளர்களுக்கும், அதற்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கும்,

வணக்கம். பர்மாவில் மோல்மேன் பக்கம் ஒரு தமிழ்க் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கு விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் விட்டுப் பார்க்கும் ஊர்த் தொண்டர். மலேரியா இருந்தால் கால் மணி நேரத்தில் கோடு விழும். எந்தக் கோடு என்று பார்த்து மாத்திரை கொடுப்பேன்.

ஒரே வருஷத்தில் ஒரு பையனுக்கு மூன்று தடவை கோடு விழுந்தது. மூன்றும் வைவாக்ஸ் என்கிற மலேரியா வகை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். நடுராத்திரி தாண்டியதும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான், வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். ஊர் தூங்கும் நேரத்தில் அவன் மரத்தடியில் நிற்கிறான், அவனுடைய கொசுவலை வீட்டில் தொங்குகிறது. வலைக்குள் படுத்துக்கொள் என்று அவனிடம் சொல்ல எனக்கு நா எழுவதில்லை. வைவாக்ஸ் கிருமி ஈரலில் பதுங்கி இருந்து மறுபடி கிளம்பும். அதைக் கொல்ல 14 நாள் மாத்திரை. உடம்பு கொஞ்சம் தேறியதும், நாலைந்து நாளிலேயே, அவன் மாத்திரையை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறான். போகாவிட்டால் கூலி யார் தருவார்கள்?

அதனால்தான் உங்கள் ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஊசி போட்டவரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஊறுகிறது. கொசு கடிக்கும்போது கிருமியோடு அதையும் சேர்த்து உறிஞ்சுகிறது. கிருமியின் ஆணும் பெண்ணும் இணைவதும், அந்தக் கரு கொசுவின் வயிற்றுச் சுவரைத் துளைத்து முடிச்சுப் போல உட்காருவதும் அங்கேதான். எதிர்ப்பொருள் அந்த இடத்திலேயே மறித்துவிட்டால் கொசுவின் எச்சிலுக்குக் கிருமி வந்து சேராது. அடுத்த வீட்டுக் குழந்தையை அது கடித்தாலும் வெறும் கடிதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மலேரியாவுக்குப் பர்மியப் பேச்சில் 'ஙெப்யா' என்று பெயர். 'ஙெ' என்றால் பறவை, 'ப்யா' என்றால் காய்ச்சல். எங்கள் பாட்டி காலத்தில் காட்டு ஓடைத் தண்ணீரைக் குடித்தால் வரும், வாழைப்பழம் தின்றால் வரும் என்பார்கள். பர்மாவிலும் பணியாற்றிய ஆங்கிலேய டாக்டர் ரொனால்ட் ராஸ்தான் 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்த முடிச்சைக் கண்டார். அடுத்த வருஷம் கல்கத்தாவில் கிருமி கொசுவுக்குள் போய் வரும் முழு வழியையும் பறவைகளை வைத்துக் காட்டினார். பரவலை ஊசியால் தடுக்கலாம் என்று 1976இல் முதலில் தெரிந்ததும் கோழிகளில்தான். அன்றிலிருந்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, என் மனக்குறைக்கு வருகிறேன். 2021இலும் 2023இலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இரண்டு மலேரியா ஊசிகளும் ஃபால்சிபேரம் என்ற இன்னொரு வகை மலேரியாக் கிருமிக்கானவை. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு அவை வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பரவல் தடுப்பு ஊசியிலும் பெரும்பாலான சோதனைகள் ஃபால்சிபேரத்தைச் சுற்றியே நடக்கின்றன. வைவாக்ஸுக்கான ஊசியை மனிதர்களில் சோதித்த முடிவு 2005லேயே வெளிவந்தது. அதற்குப் பிறகு அது ஏன் இப்படி நொண்டுகிறது? ஆய்வுக்கூடத்தில் இந்தக் கிருமியைத் தொடர்ந்து வளர்ப்பது கடினம், நோயாளியின் ரத்தமே வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த நோயாளிகள் இங்கே இருக்கிறார்கள். பர்மாவில் 2019இல் 78 ஆயிரமாக இருந்த மலேரியா 2022இல் 5 லட்சத்து 84 ஆயிரமாக ஏறியது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

பரவல் தடுப்பு மற்ற கிருமியை விட வைவாக்ஸுக்குத்தான் அவசரம் என்பேன். ஃபால்சிபேரத்தில் கொசுவுக்குத் தொற்றும் வடிவம் முதிர 10 நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் மாத்திரை கொடுத்து ஓரளவு முந்திக்கொள்ளலாம். வைவாக்ஸில் அது சீக்கிரமே ரத்தத்தில் வந்துவிடுகிறது. காய்ச்சல் கண்டு ஒருவர் என் வீட்டுப் படியேறுமுன்பே அவரிடமிருந்து கொசுவுக்குப் போயிருக்கும். எவ்வளவு ஓடியும் என் மாத்திரை பிந்தித்தான் போய்ச் சேர்கிறது.

இன்னொன்று, ஜனங்களிடம் உண்மையைச் சொல்லியே சம்மதம் கேளுங்கள். இந்த ஊசி போட்டுக்கொண்டவரை அது நேராகக் காப்பாற்றாது, பக்கத்தில் இருப்பவர்களைத்தான் காக்கும், ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டால்தான் பலன். இதைச் சொன்னால் யார் கை நீட்டுவார்கள் என்று நீங்கள் தயங்கலாம். இங்கே தெருவோரம் வீட்டு வாசல்களில் பலகை மேல் தண்ணீர்ப் பானை வைத்திருப்பார்கள். காலையில் யாரோ நிரப்பி, மூடி, மேலே ஒரு குவளையைக் கவிழ்த்து வைக்கிறார்கள். யார் குடிப்பார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. எங்கள் கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர்களும் அப்படித்தான். இந்த ஜனங்களிடம் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. 'உனக்கு நல்லது' என்று பூசி மெழுகிப் போட்டுவிட்டு, அப்புறம் அவர்களுக்கே காய்ச்சல் வந்தால், அடுத்த ஊசிக்கு ஒருவரும் வரமாட்டார்கள். என் பட்டைக்கும் விரல் நீட்டமாட்டார்கள்.

வைவாக்ஸுக்கான சோதனையை மறுபடி வேகமாக நடத்துங்கள். எங்கள் பக்கம் வரும்போது ஒப்புதல் தாளைப் பர்மியத்தோடு மோன், கரேன், தமிழ் மொழிகளிலும் அச்சடித்துக் கொண்டுவாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வீடு வீடாகப் போய் நான் படித்துக் காட்டுகிறேன். பால் வெட்டுகிறவர்களைப் பகல் பத்து மணிக்கு மேல் வீட்டில் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு ஊர்த் தொண்டர்