தனக்கென்று அழைக்கத் தயங்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். ஊர்ச் செய்திகளையெல்லாம் அம்மா தொலைபேசியில் சொல்லியிருப்பாள். நான் எழுதுவது ஒரே ஒரு விஷயத்துக்காக. அன்று இரவு நெஞ்சு வலித்தபோது 108ஐ அழைக்காமல் நீயே வண்டியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாயே, அதைப் பற்றித்தான். இதை நேரில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று எழுந்து போய்விடுவாய். கடிதமாக இருந்தால் கடைசி வரி வரை படிப்பாய்.

சென்ற வாரம் நம் மேல்நிலைப்பள்ளித் திடலில் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் அழைத்திருந்ததால் போயிருந்தேன். 2008 செப்டம்பரில் தொடங்கிய சேவை. இத்தனை ஆண்டுகளாகச் சாலையில் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறேனே தவிர, உள்ளே என்ன இருக்கிறதென்று அன்றுதான் பார்த்தேன். ஆக்சிஜன் இருக்கிறது, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் நோயாளியின் பக்கத்திலேயே இருந்து, கட்டுப்பாட்டு அறையிலுள்ள மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு வழியிலேயே முதல் சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார். உயர்நிலை உயிர்காப்பு வண்டி என்றால், இதயம் தாறுமாறாகத் துடித்து ஓய்ந்துபோகும் நேரத்தில் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவியும் உண்டு. அந்தக் கருவி வருவதற்கு ஒரு நிமிடம் தாமதமானாலும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைந்துவிடுமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உன் நினைவாகவே இருக்கிறது.

நெஞ்சு வலிக்கிறவன் தானே இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகக் கூடாது, தம்பி. வழியில் மயங்கினால் அவனைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை, கருவியும் இல்லை. எதிரே வருகிறவனுக்கும் ஆபத்து. நடுராத்திரியில் சைரன் ஒலித்தால் அடுக்குமாடியில் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள் என்று வெட்கப்படுவது என்ன நியாயம்? பார்த்துவிட்டுப் போகட்டும். வாயுத் தொல்லை என்று நாமே தீர்மானித்துக்கொள்ளவும் கூடாது. வியர்த்துக் கொட்டி, வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால் 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே சரியாகத் தெரியாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம் என்றார்கள். உனக்குச் சர்க்கரை இருக்கிறது. உன் பெரியப்பாவுக்கும் இருந்தது.

பெரியப்பாவை அன்று வாடகைக் காரின் பின் இருக்கையில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனதை நீயும் பார்த்தாய். அத்தனை பேர் கூடியிருந்தோம். அந்த எண் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

உன்னை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும்போது நாங்குநேரி சாலையில் அடிபட்டுக் கிடந்த லாரி கிளீனருக்காக நீதான் 108ஐ அழைத்தாய். வண்டி வரும் வரை அவர் தலையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்து, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வரைக்கும் கூடப் போனாய். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமே என்று அம்மா அழுதாள், நீ அசரவில்லை. அப்படி உதவுகிறவர்களைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை உறுதிப்படுத்தியது 2016இல். மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாக அது ஏறியது 2019இல். அந்தப் பாதுகாப்பெல்லாம் வருவதற்கு முன்பே நீ செய்தவன். பெயர்கூடத் தெரியாத ஒருவருக்காகத் தயங்காமல் அழைத்தவன், தன் உடம்புக்கென்று வரும்போது மட்டும் ஏன் தயங்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை, தம்பி.

108க்குக் கட்டணம் இல்லை. சாலை விபத்துக்குத்தான் அந்த வண்டி என்று நம் ஊரில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். பிரசவம், பக்கவாதம், பாம்புக்கடி, நெஞ்சுவலி எல்லாவற்றுக்கும் வரும். அழைக்கும்போது நெஞ்சுவலி என்பதை முதலிலேயே சொல். கோவையில் உன் குடியிருப்புக்கு இரண்டு வாசல் இருப்பதால், எந்தத் தெருப் பக்கம் வர வேண்டும், அருகில் என்ன அடையாளம், எத்தனையாவது மாடி என்பதைத் தாளில் எழுதி, தொலைபேசி வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டிவை. பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது. வண்டியில் வருகிறவர்கள் வழி கேட்டுத் திரும்ப அழைப்பார்கள். அப்போது வேறு யாருடனும் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. காவலாளியிடம் கதவைத் திறந்துவைக்கச் சொல்ல வேண்டும். பேத்திக்கும் இதையெல்லாம் சொல்லிக்கொடு. அவளுக்கு விவரம் புரியும் வயது வந்துவிட்டது.

பொங்கலுக்கு இங்கே வரும்போதும் பயப்பட ஒன்றுமில்லை. நெஞ்சுவலியோடு வருகிறவருக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன்பே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துவிடும் ஏற்பாடு, 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தால் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கும் நீ வண்டி ஓட்டக் கூடாது. 108ஐத்தான் அழைக்க வேண்டும்.

உன் மனைவி என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அவளைக் கடிந்துகொள்ளாதே. அம்மாவிடம் அவள் அழுதது என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். உனக்கு வலி வந்ததையே என்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டாயே என்ற வருத்தம் இருக்கிறது. அதை நீ வரும்போது பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு, அன்று இரவு எடுத்த ஈசிஜியையும் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. இதயநோய் மருத்துவரை மறுபடி பார்க்கும் நாளையும் எழுது. நான் முதல் நாளே கோவைக்கு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா