எதிர்ச்சொல் லிஸ்ட் போட்டா கூடவே வாக்கியமும் போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

பப்ளிக் எக்ஸாம் நெருங்குனா பத்தாம் கிளாஸ் பிள்ளைங்களுக்குன்னு தனிப் பக்கம் போடுறீங்க, நல்ல விஷயம், என்கிட்ட டியூஷனுக்கு வர்றதுங்க அதை வெட்டி நோட்டுல ஒட்டி வச்சுத்தான் படிக்குதுங்க. ஆனா இங்கிலீஷ் ஆன்டனிம்ஸ்னு இந்தப் பக்கம் ஒரு வார்த்தை அந்தப் பக்கம் ஒரு வார்த்தைன்னு நீளமா ஒரு லிஸ்ட் வருதே, அதைப் பத்தித்தான் இந்த லெட்டர்.

கொஸ்டின் பேப்பர்ல முதல் மூணு கேள்வி சினானிம், 4, 5, 6 ஆன்டனிம். அங்க வார்த்தையைத் தனியா கேக்குறதில்ல, முழு வாக்கியம் குடுத்து அதுல ஒரு சொல்லைச் சாய்வா அச்சடிச்சு நாலு ஆப்ஷன் குடுக்குறாங்க. நீங்க 'ஓல்டு'க்கு 'யங்'னு மட்டும் போட்டா, பழைய செருப்பைப் பத்தி வாக்கியம் வந்தாலும் பிள்ளை யங்கைத்தான் டிக் பண்ணும், அங்க வேண்டியது 'நியூ'. 'ஹார்டு'ம் அப்படித்தான், மெத்தைன்னா 'சாஃப்ட்', கணக்குன்னா 'ஈஸி'. 'லைட்'டுக்கு ரூம்னா 'டார்க்', பைன்னா 'ஹெவி'. லிஸ்ட்ல 'ஹாட்'டுக்கு 'கூல்'னு வேற பாத்தேன், ஹாட்டுக்கு ஜோடி 'கோல்டு', 'வார்ம்'க்குத்தான் 'கூல்', ரெண்டும் ஆப்ஷன்ல வந்தா பிள்ளை என்ன பண்ணும் சொல்லுங்க.

அடுத்தது முன்னாடி 'அன்', 'இன்', 'டிஸ்' சேத்தா ஆப்போசிட் வந்துடும்ங்கிற ஷார்ட்கட். பி, எம்முல ஆரம்பிச்சா 'இம்', எல்லுல ஆரம்பிச்சா 'இல்', ஆருல ஆரம்பிச்சா 'இர்'ருன்னு சொல்லித் தர்றோம், இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் எல்லாம் சரியா வரும், ஆனா பிளசன்ட்டுக்கு அன்பிளசன்ட்தான், அதுக்கு ரூல் ஒண்ணும் கிடையாது, மனப்பாடம்தான். இதைவிட மோசம் 'இன்வேல்யுபிள்'. பிள்ளைங்க அதை மதிப்பே இல்லாததுன்னு நினைக்குதுங்க, அதுக்கு அர்த்தம் விலைமதிப்பே போட முடியாததுன்னு, வேல்யுபிளுக்கு ஆப்போசிட் 'வொர்த்லெஸ்'.

பெட்ரோல் டேங்கர் பின்னாடி 'ஹைலி இன்ஃபிளேமபிள்'னு எழுதியிருக்குமே, அதுவும் ஃபிளேமபிளும் ஒண்ணுதான், ரெண்டுமே தீப்பிடிக்கும், ஏன்னா அந்த 'இன்' லத்தீன்ல இருந்து வந்த வேற 'இன்', இல்லைங்கிற அர்த்தமே அதுக்குக் கிடையாது. 1920கள்லயே அமெரிக்காவுல தீத்தடுப்புச் சங்கத்துக்காரங்க, ஜனங்க தப்பாப் புரிஞ்சுக்குவாங்கன்னு 'ஃபிளேமபிள்'னே எழுதச் சொன்னாங்க. பெரியவங்களுக்கே அந்தக் குழப்பம்னா பதினஞ்சு வயசுப் பிள்ளையைச் சொல்லி என்ன பிரயோஜனம். இதுக்கு ஆன்டனிம் 'நான்ஃபிளேமபிள்', முடிஞ்சா அடுத்த லிஸ்ட்ல சேத்துடுங்க.

இன்னொண்ணு, கேட்ட வார்த்தை நவுன்னா ஆன்சரும் நவுனாத்தான் இருக்கணும். 'சக்ஸஸ்'க்கு 'ஃபெய்லியர்', 'ஃபெயில்' இல்ல. இதைத் தெரிஞ்சு வச்சிருந்தாலே சில சமயம் நாலு ஆப்ஷன்ல ரெண்டு கழிஞ்சிடும், அர்த்தம் தெரியலைன்னாகூட. இதை எங்கயும் போட மாட்டேங்கிறாங்க.

இடம் பத்தாதுன்னு சொல்வீங்க, தெரியும். நூறு வார்த்தை போடுற இடத்துல முப்பது போதுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன வாக்கியத்தோட. அப்படியே எழுத்தையும் கொஞ்சம் பெருசாக்குங்க, ஜெராக்ஸ் எடுத்தா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
விருதுநகர்.