செயலாளரின் ஆண்டறிக்கை: 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் இயங்கும் நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுச் செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஜனவரியில் பொங்கல் விழாவும் ஏப்ரலில் சித்திரைத் திருநாளும் சிறப்பாக நடந்தன. கோடைச் சந்திப்பு நார்த் பார்க்கில். மழை பெய்தும் பிரியாணி மிஞ்சவில்லை. குழந்தைகளுக்கான திருக்குறள் ஒப்பித்தல் போட்டி வழக்கம்போல் நடந்தது. தீபாவளிக்குப் பட்டிமன்றம் வைத்தோம். தலைப்பு போன வருடத்துத் தலைப்பு, தீர்ப்பும் போன வருடத்துத் தீர்ப்பு. தமிழ்ப் பள்ளி பற்றி அதன் ஒருங்கிணைப்பாளர் தனியே பேசுவார்.

இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய ஃபுட்பால் அறிமுகக் கூட்டங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிப் பலர் மிக விரிவாக எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவரையும் நான் கூட்டத்தில் பார்க்கவில்லை.

"தமிழ்ச் சங்கத்துக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம்?" என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்த ஊரே கறுப்பும் மஞ்சளுமாக டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் காஸ்ட்கோ காலியாக இருக்கும், போய்விட்டு வரலாம் என்கிற அளவுக்குத்தான் நமக்கு ஊர் அணியான ஸ்டீலர்ஸைத் தெரியும். இங்கேயே பிறந்த நம் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை அந்த அணியின் ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். திரும்பி வந்து நம்மிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் "ஹோம்வொர்க் முடிச்சியா?" என்கிறோம். பிள்ளை நம்மிடம் தமிழில் பேசவில்லை என்று குறைப்படுவதற்கு முன்னால், அவன் பேச விரும்புகிற விஷயத்தில் நமக்கு நாலு வார்த்தை தெரிந்திருக்க வேண்டாமா? இதைத்தான் செயற்குழுவில் கேட்டேன். அன்று வந்திருந்தவர்கள் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். வராதவர்கள் பிற்பாடு ஆட்சேபித்தார்கள்.

ஆட்டத்தின் சட்டதிட்டங்களை முதல் நாளே கொட்டினால் தூங்கிவிடுவார்கள் என்று, ஒரே ஒரு ஆட்டக்காரரின் கதை வழியாகப் போவது என முடிவு செய்தேன். ட்ராய் பொலமாலு. எண் 43. 2003 முதல் 2014 வரை 12 சீசன், ஸ்டீலர்ஸுக்கு மட்டுமே ஆடியவர். "பந்தை எறிகிற குவாட்டர்பேக்கை எடுத்திருக்கலாமே" என்று தலைவர் கேட்டார். அவர்களைப் பற்றிப் பேச டிவி இருக்கிறது. ஆட்டத்தின் அடிப்படை இவ்வளவுதான்: பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முன்னேறவிடாமல் தடுக்க எதிரே பதினொரு பேர். அந்தப் பதினொருவரில் கடைசியாகப் பின்னால் நிற்பவர்தான் சேஃப்டி. அவரையும் தாண்டிவிட்டால் டச்டவுன், அதாவது பந்தோடு கோல் கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது. பொலமாலு சேஃப்டியாக ஆடியவர். தடுக்கிறவன் பக்கம் நின்று பார்த்தால்தான் இந்த ஆட்டம் புரியும் என்பது என் கருத்து.

முதல் கூட்டத்தில் அவருடைய பிள்ளைப்பருவம். சமோவா வம்சாவளிக் குடும்பம், 1981இல் கலிபோர்னியாவில் பிறந்தவர், ஐந்து பிள்ளைகளில் கடைசி. ஒன்பது வயதுவாக்கில் ஆரிகன் மாநிலத்தில் டென்மைல் என்கிற சிற்றூருக்கு, தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே வளர்ந்தார். பொலமாலு என்பது தாயின் குடும்பப் பெயர். 2007இல் அதையே சட்டப்படி தன் பெயராக மாற்றிக்கொண்டார். தாய்மாமன் என்றதும் அறையில் இருந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகு எனக்கு அதிகம் விளக்க வேலை இல்லை. ஹெல்மெட்டுக்கு வெளியே முதுகு வரை தொங்கும் அந்த முடியைப் படத்தில் பார்த்துவிட்டு, மதுரையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த அம்மா ஒருவர், "இந்தப் பிள்ளை எந்தக் கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டிருக்கான்?" என்று கேட்டார். நம் ஊர்ப் பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, 2010இல் ஒரு ஷாம்பு கம்பெனி அந்த முடியை லண்டன் லாயிட்ஸில் 10 லட்சம் டாலருக்கு இன்சூர் செய்த கதையைச் சொன்னேன். அந்த அம்மா அடுத்த கூட்டத்துக்கும் வந்தார். மகன் வரவில்லை.

டிராஃப்ட் என்பது புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. 2003 டிராஃப்டில் ஸ்டீலர்ஸின் முறை 27ஆவது. கன்சாஸ் சிட்டி அணியோடு பேரம் பேசி, கையிலிருந்த வேறு வாய்ப்புகளைக் கொடுத்து, 16ஆம் இடத்துக்கு முன்னேறி இவரை எடுத்தார்கள். எடுத்த வருடம் 16 ஆட்டத்திலும் இறங்கினார். ஒன்றில்கூடத் தொடக்க வரிசையில் இல்லை. இவ்வளவு விலை கொடுத்து எடுத்தோமே என்று அன்றைக்கு வாட்ஸ்அப் இருந்திருந்தால் எழுதியிருப்பார்கள். மறுவருடம் டிஃபென்ஸ் பயிற்சியாளராக டிக் லெபோ அணிக்குத் திரும்பினார். யார் எங்கிருந்து பாய்வார்கள் என்று எதிரணியைக் குழப்புவது லெபோவின் பாணி. பொலமாலுவுக்கு அவர் கயிற்றைத் தளர்த்தி விட்டார். பந்து வருவதற்குள் விக்கெட் கீப்பர் ஷார்ட் லெக்குக்கு ஓடிவந்து கேட்ச் பிடித்தால் எப்படியிருக்கும், அப்படி ஆடினார் இந்த மனிதர். 2010இல் டென்னசியில், கோல் கோட்டருகே, பந்து கைமாறுகிற அதே கணத்தில் மொத்த வரிசையின் தலைக்கு மேல் தாவிக் குவாட்டர்பேக் மீதே போய் விழுந்தார். கொஞ்சம் முந்தியிருந்தால் அபராதம், கொஞ்சம் பிந்தியிருந்தால் எதிரிக்கு டச்டவுன்.

அவையில் எல்லோரும் பார்க்க வேண்டியது என்று நான் நினைப்பது அதே ஆண்டு டிசம்பர் 5, பால்டிமோர் ஆட்டம். நான்காம் கால்பகுதி, முடிய மூன்று நிமிடத்துச் சொச்சம். பால்டிமோர் ரேவன்ஸ் 10, ஸ்டீலர்ஸ் 6, பந்து ரேவன்ஸிடம். நேரத்தைக் கடத்தினாலே அவர்கள் ஜெயித்துவிடுவார்கள். அவர்களுடைய குவாட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோ எறியக் கையை ஓங்குகிறார். ஓரத்திலிருந்து, யாரும் தடுக்காமல், பொலமாலு. ஆளைக் கட்டிப்பிடிக்கவில்லை, எறிகிற கையைத்தான் வெட்டினார். பந்து நழுவியது, சக ஸ்டீலர்ஸ் வீரர் லமார் உட்லி அள்ளிக்கொண்டு ஓடினார், சற்று நேரத்தில் டச்டவுன். 13க்கு 10, வெற்றி ஸ்டீலர்ஸுக்கு. இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியபோது, கடைசி வரிசையில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன் எழுந்து வந்து, யார் அவரைத் தடுத்திருக்க வேண்டும், ஏன் விட்டார்கள் என்று திரையில் விரல் வைத்து விளக்கினான். தமிழில். அவனுடைய அப்பா அதைப் பார்க்க அங்கே இல்லை என்பதில் எனக்கு வருத்தம்.

சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டத்தில் இரண்டு வெற்றி, சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பவுலுக்கு எட்டு முறை தேர்வு, 32 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தை இடையில் பிடிப்பது) என்று கணக்கு நீளும். அவற்றைவிட 2006 ஜனவரி இண்டியானாபொலிஸ் ஆட்டம்தான் எனக்குப் பிடித்தது. எதிரணிக் குவாட்டர்பேக் பேட்டன் மேனிங் எறிந்த பந்தைப் பிடித்து, உருண்டு, எழும்போது முழங்கால் பட்டு நழுவ, மறுபடி அவரே எடுத்துக்கொண்டார். நடுவர் மறுபரிசீலனை செய்து செல்லாது என்றார். மறுநாள் ஆட்டத்தை நடத்தும் என்எஃப்எல் லீக்கே அது தவறான தீர்ப்பு என்று ஒப்புக்கொண்டது. பொலமாலு சத்தம் போடவில்லை. ஸ்டீலர்ஸ் 21-18 என்று ஜெயித்து, பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் கோப்பையும் வாங்கியது. தவறான தீர்ப்புக்கு ஆளானவர்கள் பொறுமையாக வேலையைப் பார்ப்பதுண்டு என்பதைச் சில நண்பர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

2009ஆம் ஆண்டைப் பற்றியும் பேசினோம். சீசனின் முதல் ஆட்டத்திலேயே, ஒற்றைக் கையால் ஒரு இன்டர்செப்ஷன் பிடித்துவிட்டு, இடைவேளைக்கு முன் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்த ஆண்டு மொத்தம் 5 ஆட்டம்தான். அதே பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்றிருந்த அணி 9 வெற்றி, 7 தோல்வி என்று முடித்து, பிளேஆஃபுக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்தது. மறுவருடம் அவர் 14 ஆட்டம் ஆடினார். அணி 12 ஆட்டங்களில் வென்று சூப்பர் பவுல் வரை போய் கிரீன் பே அணியிடம் தோற்றது. ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். கிரீன் பேயின் கிளே மாத்யூஸுக்கு 15 வாக்கு, இவருக்கு 17. ஒருவர் வராமல் போனால் மற்ற பத்துப் பேர் என்ன பாடுபடுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் செயற்குழுவும் பதினொருவர்தான். முழங்கால் வலியை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஜூமில் பெயரை மட்டும் நிறுத்திவிட்டுக் கேமராவை அணைத்துப் போய்விடுவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

தாய்மார்கள் கேட்டது வேறு: "எங்க பையன் இதை விளையாடலாமா?" மழுப்பாமல் பதில் சொன்னோம். 2011இல் ஆட்டத்தின் நடுவே தலையில் அடிபட்டு வெளியே வந்த பொலமாலு, டிவியில் பார்த்துப் பயந்திருப்பாளே என்று மைதான ஓரத்திலிருந்தே மனைவிக்குப் போன் செய்தார். அதற்கு லீக் 10,000 டாலர் அபராதம் போட்டது. தொடர்ந்து ஆடுவதற்காகத் தலைக்காயத்தை மறைத்துப் பொய் சொன்னதுண்டு என்று மறுவருடம் அவரே வானொலிப் பேட்டியில் சொன்னார். இதே ஊரில்தான், 2002இல் 50 வயதில் இறந்த முன்னாள் ஸ்டீலர்ஸ் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை, பிரேதப் பரிசோதனை மருத்துவர் பென்னட் ஒமாலு ஆராய்ந்து, அடிமேல் அடியால் வரும் சிடிஇ நோயை அதில் கண்டறிந்தார். நம் உறுப்பினர்களில் டாக்டர்களுக்குக் குறைவில்லை. அன்று ஒருவராவது வந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்கள். கேட்டிருந்தேன், எல்லோருக்கும் அன்று ஆன்-கால்.

அடுத்து, மஞ்சள் துண்டு விவகாரம். கூட்டத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு, ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் சுழற்றுகிற டெரிபிள் டவல் வாங்கிக் கொடுத்ததை வீண் செலவு என்று எழுதினார்கள். 1975இல் மைரன் கோப் என்கிற ஸ்டீலர்ஸ் வானொலி வர்ணனையாளர் தொடங்கிவைத்த துண்டு அது. அதன் உரிமையை மாற்றுத்திறனாளிகளுக்கான அலிகேனி வேலி பள்ளிக்கே அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். விற்பனை வருவாய் அங்கே போகிறது. பொன்னாடைக்கு நாம் ஆண்டுதோறும் செய்கிற செலவு யாருக்குப் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

வரவு செலவு பற்றிப் பொருளாளர் விளக்குவார். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. தீபாவளி அரங்க முன்பணம் திரும்பி வந்தால் சற்று மிச்சம் காட்டும். மிச்சம் இல்லாததற்குக் காரணம் சந்தா பாக்கி. குடும்பச் சந்தா கட்டாமல், ஒவ்வொரு விழாவுக்கும் விருந்தினர் கட்டணத்தில் வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, மாலையில் சங்கத்தை விமர்சித்து எழுதுகிறவர்கள் பட்டியல் என்னிடம் உள்ளது. வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் மேசையில்தான் இருக்கிறது.

அரங்கம் ஏற்பாடு செய்தவர்களுக்கும், சமையல் குழுவுக்கும், ஒலி ஒளி பார்த்துக்கொண்ட இளைஞர்களுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், புரொஜெக்டரைத் தந்துதவிய நண்பருக்கும் நன்றி. என் மனைவிக்கும் நன்றி. கூட்டங்களுக்கான சுண்டல் முழுதும் எங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

2026 ஏப்ரல் 23 முதல் 25 வரை என்எஃப்எல் டிராஃப்ட் நம் பிட்ஸ்பர்க்கில் நடக்கிறது. 2003இல் பொலமாலுவின் பெயர் வாசிக்கப்பட்டது போல, இன்னொரு பையனின் பெயர் இந்த முறை நம் ஊர் மேடையில் வாசிக்கப்படும். அந்த வாரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவும், பிறகு ஒரு நாள் ஓஹையோவில் கான்டன் நகரத்தில், சிறந்த ஃபுட்பால் வீரர்களைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேமில் 2021இல் பொலமாலுவுக்கு வைத்த வெண்கல மார்பளவுச் சிலையைப் பார்த்து வரவும் விருப்பம். வண்டி ஓட்ட ஆள் வேண்டும், வேனுக்குப் பணம் வேண்டும், இரண்டுக்கும் மேலாக இந்தத் தொடரை நடத்த ஒரு செயலாளர் வேண்டும். அந்தப் பதவிக்கு இன்று காலை வரை மனு எதுவும் வரவில்லை. உடம்பும் வேலையும் இடம் கொடுத்தால், பொதுக்குழு வற்புறுத்தினால், நான் மறுக்கப்போவதில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். புதியவர் யாராவது முன்வந்தால் புரொஜெக்டர் கம்பி முதல் வாட்ஸ்அப் குழு வரை அனைத்தையும் இன்றே ஒப்படைக்கத் தயார்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் கை தூக்கவும். சங்க விதிப்படி இருவரும் நடப்பாண்டுச் சந்தா கட்டியவர்களாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்