குண்டுப் பூனையும் கமேஹமேஹாவும்

அன்புள்ள முருகா,

நலம்தானே? அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக அக்கா சொன்னாள். சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். தங்கை கல்யாணம் தை மாசம் என்று முடிவாகியிருக்கிறது, பத்திரிகை அடித்ததும் அனுப்புகிறேன். இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு.

சுந்தர் ஜப்பானிலிருந்து வந்திருந்தான். ஒரு மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைப் புத்தகம், கொண்டுவந்து கொடுத்தான். 'நெகோமாஜின்'. நம்ம அகிரா தோரியாமா வரைந்ததுடா! 1995-இல் டிராகன் பால் என்ற அந்தச் சண்டைப் படக்கதைத் தொடரை முடித்தார் இல்லையா, அப்புறம் 1999-இல் தொடங்கி 2005 வரை அவ்வப்போது ஒன்று என்று போட்ட கதைகள். இப்படி ஒன்று இருக்கிறது என்று இத்தனை வருஷம் யாருமே நமக்குச் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

நெகோமாஜின் என்பது மந்திரம் தெரிந்த பூனைகளின் இனம். இரண்டு காலில் நிற்கும், பேசும், சேட்டை செய்யும். அதில் இசட் என்ற பூனைதான் என் செல்லம். பானை வயிறு, குட்டைக் கால், உடம்பில் டிராகன் பால் நாயகன் கோகுவின் அதே உடை. கோகுவிடமே வித்தை கற்றதாம். கையைக் குவித்து அது விடுவது கோகுவின் ஒளிவீச்சுத் தாக்குதலான கமேஹமேஹா இல்லை, நெகோஹமேஹா! மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று நீ கத்துவாயே, அச்சு அசல் அந்தப் போஸ். சூப்பர் நெகோமாஜினாகக்கூட மாறுகிறது. ஓனியோ என்று கோகுவின் சயான் இனத்தைச் சேர்ந்த ஒரு தடியன் வருகிறான், டிராகன் பாலின் கொடூர வில்லன் ஃப்ரீஸாவின் மகன் குரிஸா வருகிறான். அப்பனைப் பார்த்து நாம் எப்படி நடுங்கினோம், மகனுக்கோ கஷ்கொட்டை மாதிரித் தலை. கோகுவோடு எப்போதும் போட்டி போடும் வெஜிட்டாவையும் விட்டுவைக்கவில்லை. சுந்தர் ஒவ்வொரு கட்டமாகப் படித்துச் சொல்லச் சொல்ல, சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

ஆனால் முருகா, 2024 மார்ச்சில் தோரியாமா போய்விட்ட செய்தி வந்தபோது, 68 வயதெல்லாம் ஒரு வயதா என்று போனில் கேட்டுவிட்டு அதற்குமேல் நீ பேசவே இல்லை. அதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. நாம் அவரைச் சண்டைக் காட்சிகளாலேயே ஞாபகம் வைத்திருக்கிறோம். 1980-இல் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த டாக்டர் ஸ்லம்ப் முழுக்க முழுக்கக் கோமாளித்தனம். டிராகன் பாலும் சிரிப்பாகத்தானே ஆரம்பித்தது? பத்து வருஷத்துக்கு மேல் வாராவாரம் வரைந்து உலகமே கொண்டாடிய ஒன்றை, முடித்த பிறகு ஒரு குண்டுப் பூனையிடம் கொடுத்து, "இந்தா, நீ விளையாடு" என்று விட்டிருக்கிறார். அதில் துளிக்கூடக் கசப்பு இல்லை. தன் படைப்பை இவ்வளவு லேசாகக் கையில் எடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை இதைப் பார்த்தபிறகுதான் இன்னும் கூடியது.

பூனைகள்மேல் அவருக்கு அப்படி என்ன பிரியமோ! புவார், கோபுரத்து உச்சியில் கரின் சாமி, கடைசியில் அழிவுக் கடவுள் பீரஸ்கூடப் பூனைதான். வீட்டில் வளர்த்த கார்னிஷ் ரெக்ஸ் பூனையைப் பார்த்துத்தான் பீரஸை வரைந்தாராம்.

இனி டிராகன் பால் பக்கமே போகமாட்டேன் என்று பெருமாள் சாரிடம் சொன்னாயாமே. அதெல்லாம் செல்லாது. கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே வா. புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன், சுந்தரும் இருப்பான். குரிஸா வரும் இடத்தை நீதான் சத்தமாக நடித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
சேகர்