அட்லஸில் ஒரு சின்ன வட்டம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் இரண்டு வேலைகளைப் பற்றியும் சொன்னாய். பெருநகரத்து வேலையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாய். இன்னொன்றுக்கு ஒரே வரிதான்: "அந்த ஊர்ப் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாதும்மா." போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நீ எந்த வேலைக்குப் போவாய் என்ற கவலையால் இல்லை. இப்படிப் பேச உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தானோ என்று ஒரு உறுத்தல்.

30 வருஷம் புவியியல் நடத்தியவள் நான். நாட்டின் பெயரைச் சொல்வேன், பிள்ளைகள் தலைநகரத்தைச் சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னால் ஒரு மதிப்பெண். அந்த நாட்டின் நாலாவது பெரிய ஊர் எது, அங்கே ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரிந்திருக்காது. ஓய்வு பெற்ற பிறகுதான் அட்லஸில் பெரிய புள்ளிகளை விட்டுச் சின்ன வட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஐ.நா. 2018-இல் வெளியிட்டது. உலகில் நகரங்களில் வாழ்கிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 5 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களில்தான் இருக்கிறார்கள். 1 கோடியைத் தாண்டிய மாநகரங்களில் இருப்பது எட்டில் ஒருவர். யாருக்கும் தெரியாத ஊர் என்கிறாயே, அந்த 'யாருக்கும்' என்பதில் யார் யார் அடக்கம் என்று யோசித்துப் பார்.

இனிமேல் சொல்லப்போகிற ஊர் எதையும் நான் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் படித்ததுதான். அதனால் ஊர்ப்பாசம் என்று தள்ளிவிடாதே.

நெதர்லாந்தின் வடக்கே குரோனிங்கன் என்று ஓர் ஊர். மக்கள்தொகை 2 லட்சத்துச் சொச்சம். 1977-இல் ஊர் நடுவை நாலு பாகமாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்துக்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளியே சுற்றுச்சாலைக்கு வந்து, சுற்றிக்கொண்டுதான் மறுபடி உள்ளே நுழைய வேண்டும். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் நேர்வழி. வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். திட்டத்தை முன்னின்று நடத்திய மாக்ஸ் வான் டென் பெர்க், நகராட்சிப் பொறுப்புக்கு வந்தபோது 24 வயசுப் பையன். (உன்னைவிடச் சின்னவன். சும்மா சொன்னேன்.) எல்லாவற்றையும் மீறித் திட்டம் நிலைத்தது. இன்றைக்கு சைக்கிள் என்று பேச்செடுத்தால் அந்த ஊர்ப் பெயர் வராமல் போகாது. 40 வருஷம் கழித்து 2017-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரம் அதே வழியில் தன்னை ஆறு பாகமாகப் பிரித்துக்கொண்டது. அதுவும் தலைநகரம் கிடையாது.

இந்த அளவு ஊரில் இது எப்படி நடக்கிறது என்று நானும் யோசித்தேன். முடிவெடுக்கிறவரும் அதே தெருவில்தான் நடக்கிறார், திட்டுகிறவரை அடுத்த நாள் காலையிலேயே நேரில் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு சைக்கிளில் போய்விட முடிகிற இடத்தில் ஒரு மாற்றம் செய்தால், அது நல்லதா கெட்டதா என்று எல்லோருக்கும் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இத்தாலியின் பொலோன்யா. 1088-லேயே பல்கலைக்கழகம் தொடங்கிய ஊர் என்பார்கள். படிக்க வந்த கூட்டத்துக்குத் தங்க இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டினார்கள், கீழே தூண் கொடுத்துத் தாங்கினார்கள். வேறு ஊராக இருந்தால் ஆக்கிரமிப்பு என்று இடித்துத் தள்ளியிருப்பார்கள். இவர்கள் 1288-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: வீடு கட்டுகிறவன் தூண் வைத்த நடைபாதையையும் சேர்த்துக் கட்ட வேண்டும், குதிரைமேல் போகிறவன் தலை இடிக்காத உயரம் இருக்க வேண்டும். இடம் வீட்டுக்காரனுடையது, ஆனால் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். இப்போது அந்த ஊரில் இப்படி 62 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. மழை நாளில் குடை இல்லாமல் கிளம்பினாலும் பாதகமில்லை. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்தாயிற்று. ஒண்டுக்குடித்தனத்துக்காக மாடியை நீட்டியவர்கள் இதையெல்லாம் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

மூளை வேலைக்குப் பெருநகரம்தான் சரிப்படும் என்று நீ சொன்னதற்கும் பதில் வைத்திருக்கிறேன். ஏழை நாட்டு விஞ்ஞானிகளுக்காகப் பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-இல் இயற்பியல் மையம் தொடங்கினாரே, அது அதே இத்தாலியில் டிரியஸ்ட் என்ற துறைமுக ஊரில்தான் இருக்கிறது. மக்கள்தொகை 2 லட்சம் இருந்தால் அதிகம். அமெரிக்காவில் சாட்டனூகா என்று இன்னொன்று. 1969-இல் அந்த நாட்டிலேயே மோசமான காற்றுள்ள ஊர் என்று பெயர் வாங்கியது. அதே ஊரில் 2010-இல், நகரத்துக்குச் சொந்தமான மின் நிறுவனமே கம்பி இழுத்து, நொடிக்கு ஒரு கிகாபிட் வேக இணையத்தை வீடு வீடாகக் கொடுத்தது. பெரிய ஊர்களே அப்போது அந்த வேகத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தன.

சரி, நல்லதை மட்டும் சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஜெர்மனியின் லைப்சிக்கைப் பார். 1989 அக்டோபர் 9 அன்று ஏறக்குறைய 70,000 பேர் தெருவில் இறங்கி, அன்றைய கிழக்கு ஜெர்மனி அரசையே ஆட்டம் காண வைத்த ஊர். நாடு ஒன்றானதும் ஆலைகள் மூடின, ஜனங்கள் மேற்கே போய்விட்டார்கள், தெருத் தெருவாக வீடுகள் காலியாகக் கிடந்தன. அப்புறம் வாடகை மலிவு என்று கலைஞர்களும் மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். பத்திரிகைகள் 'ஹைப்சிக்' ('ஹைப்' என்றால் ஊதிப் பெருக்கிய பரபரப்பு) என்று கேலியாகப் பெயர் வைக்கிற அளவுக்கு மவுசு வந்தது. மவுசோடு வாடகையும் ஏறியது. இந்த மாதிரி ஊர்கள்மேல் இன்னும் நாலு பேர் கண் பட வேண்டும் என்று எனக்கு ஆசைதான், ஆனால் எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

நீ கவனிக்க வேண்டியதும் அங்கேதான் இருக்கிறது. ஒரே ஆலையை, ஒரே கம்பெனியை நம்பி நிற்கிற ஊர் என்றால், அது தும்மினால் ஊருக்கே ஜுரம். இந்த வேலை போனால் அதே ஊரில் உன் படிப்புக்கு வேறு யார் வேலை தருவார்கள் என்று கேட்டுப் பார். ஒருவரும் இல்லை என்றால் நானே வேண்டாம் என்பேன். ராத்திரி ரயிலோ பஸ்ஸோ எத்தனை மணி வரை இருக்கிறது என்றும் கேள். இது அம்மா கவலை, விட்டுவிடு, ஆனாலும் கேள்.

இன்னொரு கணக்கு. சேசரே மார்ச்செட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் எழுதினார்: எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் மனுஷன் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் போக வரச் செலவழிக்கிறான். வாகனம் வேகமானால் நேரம் மிச்சமாவதில்லை, ஊர்தான் அகலமாகிறது. நீ சொன்ன பெருநகரத்தில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. அந்தச் சின்ன ஊரில் கால் மணி நேர நடை என்றாய். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம். 250 வேலை நாளைக்குப் போட்டுப் பார்த்தேன், 625 மணி நேரம். ராத்திரி பகல் சேர்த்து வருஷத்துக்கு 26 நாள். ஒரு மாதச் சம்பளத்தைக் குறைத்தால் சண்டைக்குப் போவாய். இதற்கு மட்டும் சும்மா இருப்பாயா?

முடிவு உன்னுடையது. எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அந்த ஊர் வேண்டாம் என்றால் சம்பளத்தைச் சொல்லு, வேலை பிடிக்கவில்லை என்று சொல்லு. பெயர் தெரியாத ஊர் என்று மட்டும் சொல்லாதே. அந்தப் பாவம் என் கணக்கில்தான் சேரும்.

ராத்திரியே அட்லஸை எடுத்து அந்த ஊரைத் தேடினேன். இருக்கிறது. இரண்டு பக்கமும் சேருகிற மடிப்பில், பாதி எழுத்து தையலுக்குள் போய்விட்டது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். பக்கத்தில் நீலமாக ஒரு கோடு ஓடுகிறது, அதன் பெயர்தான் எவ்வளவு முயன்றும் தெரியவில்லை. அது என்ன ஆறு என்று விசாரித்து, அடுத்த முறை போன் பண்ணும்போது சொல்லு.

இப்படிக்கு,
அம்மா