பயணத்தில் கழியும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி விளையாட்டு வீரர்களின் படிப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், நேரத்தைத் திட்டமிடக் கற்றுக்கொண்டால் இரண்டையும் சமாளித்துவிடலாம் என்ற அறிவுரையோடு அது முடிந்துவிடுகிறது. கல்லூரியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்த நானும் அந்த அறிவுரையைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அது போதாது என்பதை எனக்கு உணர்த்தியவர் 800 மீட்டர் ஓட்டத்தில் கல்லூரிக்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு மாணவி. வகுப்பில் அவர் கண்ணயர்ந்ததை ஒருநாள் கண்டித்தபோது, மறுபேச்சுப் பேசாமல் தம்முடைய ஒரு வாரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தார். விடியற்காலைப் பயிற்சி, வகுப்புகள், மாலைப் பயிற்சி, உடற்பயிற்சிக் கூடம், தசைப்பிடிப்புக்கான சிகிச்சை, போட்டிக்குப் போய்வரும் இரண்டு நாள் பயணம் என்று நிரம்பியிருந்த அந்தத் தாளில், திட்டமிடுவதற்கு என்று எந்த இடமும் மிச்சமில்லை. அந்தப் பருவத்தில் போட்டி நாளன்றே உள்மதிப்பீட்டுத் தேர்வும் வந்தது. மறுதேர்வு வைக்க விதியில்லை என்று சொல்லி அவருக்குப் பூஜ்யம் பதிவு செய்தார்கள். போட்டிக்கு அனுப்பியதும் அதே கல்லூரி, தேர்வுக்கு வரவில்லை என்று பூஜ்யம் போட்டதும் அதே கல்லூரி. இன்றுவரை என்னால் அதை ஏற்க முடியவில்லை.

நேரத்துக்கு வரம்பு விதித்த இடங்களிலும் கணக்கு நேர்மையாக இல்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, போட்டிப் பருவத்தில் ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரம், வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்ற விதியை 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. விதி நல்லதுதான். ஆனால், போட்டி எவ்வளவு நேரம் நீடித்தாலும் அந்த நாள் 3 மணி நேரமாகவே கணக்கிடப்படுகிறது. பயணமும் காயத்துக்கான சிகிச்சையும் கணக்கிலேயே வருவதில்லை. அதே அமைப்பு எடுத்த ஆய்வுகளில், கல்லூரி விளையாட்டின் மிக உயர்ந்த மட்டமான முதல் பிரிவில் ஆடும் மாணவர்கள் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கும் மேல் விளையாட்டுக்குச் செலவாவதாகக் கூறியிருக்கிறார்கள். முழுநேர வேலை ஒன்றுக்கு ஏறத்தாழச் சமமான இந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு, மற்ற மாணவர்கள் எழுதும் அதே தேர்வை, அதே நாளில், அதே ஆயத்தத்தோடு எழுத வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

படிப்பை நீர்த்துப்போகச் செய்து சுமையைக் குறைப்பது இதற்கு மாற்றாகாது. அது இதைவிடப் பெரிய அநீதி. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில், பாடமே நடக்காமல் ஒரு கட்டுரையை மட்டும் வாங்கிக்கொண்டு தாராளமாக மதிப்பெண் வழங்கிய வகுப்புகள் 18 ஆண்டுகள் நடந்ததையும், அவற்றில் 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் சேர்ந்திருந்ததையும் 2014இல் வெளியான விசாரணை அறிக்கை அம்பலப்படுத்தியது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். கல்லூரி வீரர்களில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்று என்.சி.ஏ.ஏ.யே சொல்லும்போது, மீதிப் பேரின் கையில் கடைசியாக மிஞ்சுவது அந்தப் பட்டம் ஒன்றுதான். அதையும் வெற்றுத்தாளாக்கிக் கொடுத்தவர்கள் அவர்களுக்கு நன்மை செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இந்த விவாதத்தில் ரோஜர் பானிஸ்டரின் பெயரைப் பலர் எடுப்பார்கள். மருத்துவ மாணவராக இருந்துகொண்டே 1954 மே 6 அன்று ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடிகளில் ஓடி முடித்து, அந்தத் தூரத்தை 4 நிமிடத்துக்குள் கடந்த முதல் மனிதரானவர் அவர். அன்று காலைகூட மருத்துவமனையில் பணியில் இருந்துவிட்டுத்தான் ரயிலேறி ஆக்ஸ்போர்டுக்குப் போனார். ஆனால், மதிய இடைவேளைக்குள் அடங்கிவிடும் பயிற்சிதான் அவருடைய வழக்கம் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. காலையும் மாலையும் மைதானத்தில் நிறுத்தப்படும் இன்றைய மாணவர் முன் அவரை முன்மாதிரியாக வைப்பது பொருந்தாது.

வெட்டுப்படும் நேரம் பெரும்பாலும் தூக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரைச் சில வாரங்கள் இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் செய்து, 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எதிரணியின் தவறுக்காகத் தடையின்றிக் கூடைக்குள் வீசக் கிடைக்கும் தண்ட எறிகளின் துல்லியம் 9 விழுக்காடு உயர்ந்தது, ஓட்டத்தின் வேகமும் கூடியது. சிறிய ஆய்வுதான் என்றாலும், பயிற்சியாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய ஒன்று. தூக்கம் குறைந்தால் பாடம் மனத்தில் தங்காது என்பதை ஆசிரியர்கள் அன்றாடம் காண்கிறோம்.

எனவே, பயணமும் சிகிச்சையும் சேர்த்தே பயிற்சி நேரம் கணக்கிடப்பட வேண்டும். கல்லூரி அனுப்பிய போட்டியால் தவறிய தேர்வை மீண்டும் எழுதுவது, ஒவ்வொரு முறையும் கெஞ்சிப் பெறும் சலுகையாக இல்லாமல் மாணவரின் உரிமையாக விதியில் எழுதப்பட வேண்டும். போட்டிப் பருவத்தில் குறைந்த பாடங்களையும் மற்றப் பருவத்தில் கூடுதல் பாடங்களையும் எடுத்துக்கொள்ள இடமளித்து, பட்டத்துக்கு ஓராண்டு கூடுதலாகத் தேவைப்பட்டால் உதவித்தொகையையும் நீட்டிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ஆண்டின் தொடக்கத்திலேயே பயிற்சியாளரும் துறைத்தலைவரும் போட்டி அட்டவணையையும் தேர்வு அட்டவணையையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்; என் மாணவிக்கு விழுந்த பூஜ்யத்தை அந்த ஒரு மணி நேரச் சந்திப்பே தடுத்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவர்