தார்ப்பாவுக்கு முதுகு காட்டாதே

தாராவி, மும்பை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குப் பள்ளியின் வெளிச்சுவர்தான் காரணம். வெற்றிலைக் கறையும் கிழிந்த சுவரொட்டிகளுமாகக் கிடந்த சுவரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் தெருக்காரர்களும் சேர்ந்து, வார்லி பழங்குடியினரின் ஓவியம் தீட்டி முடித்துவிட்டோம்.

வார்லி ஓவியத்தைப் பிள்ளைகள் தேநீர்க் கோப்பையிலும் புடவைக் கரையிலும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வார்லி மக்கள் இதே மும்பையில், ஆரே காட்டுப் பகுதியின் பாடாக்களில் (சிற்றூர்களில்) குடியிருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. 1949-இல் அங்கே பால் பண்ணைக் குடியிருப்பு உருவாவதற்கு முன்பிருந்தே அது அவர்களுடைய ஊர். அதனால், படத்தைப் பார்த்து நகலெடுக்க வேண்டாம், அங்கிருந்தே ஒருவரை அழைப்போம் என்று பிடிவாதமாக நின்றேன். 'ஒரு சால்வை போர்த்தினால் போதுமே' என்று சிலர் சொன்னார்கள். கோபம் வந்துவிட்டது எனக்கு. சுண்ணாம்பு அடித்தவருக்குக் கூலி, ஓவியம் கற்றுத் தருபவருக்குச் சால்வையா? நாள் கூலியும் வழிச்செலவும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஓய்ந்தேன்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகள் 'மாவ்ஷி' (மராத்தியில் சித்தி) என்று ஒட்டிக்கொண்டார்கள். முதலில் ஆளுக்கொரு மூங்கில் குச்சியைக் கொடுத்து, நுனியை மென்று நார்நாராக்கச் சொன்னார். அதுதான் தூரிகை. காவி மண் பூசிய பலகையில் அரிசி மாவுக் கரைசல் வெள்ளையாக இறங்கியதும், "எங்க ஆச்சி போடுற மாக்கோலம் மாதிரியே இருக்கு!" என்று ஒரு சிறுமி கத்தினாள். அதை மாவ்ஷிக்கு மராத்தியில் சொன்னேன். மாவ்ஷி குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கே, போட்டுக் காட்டு" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு முக்கோணங்களின் முனைகள் தொட்டால் ஒரு மனிதர். அதைப் பிடித்துக்கொள்ள பத்து நிமிடம் போதும். தார்ப்பா நடனத்தில்தான் சிக்கல். காய்ந்த சுரைக்குடுக்கையில் செய்த ஊதுகருவி அது; ஊதுபவரைச் சுற்றிக் கைகோத்து ஆடுவார்கள். ஒரு பையன் வரைந்த வரிசையில் ஓர் ஆள் மட்டும் வெளிப்பக்கம் பார்த்து நின்றான். மாவ்ஷி அந்த உருவத்தை விரலால் துடைத்தார். தார்ப்பாவுக்கு யாரும் முதுகு காட்டுவதில்லையாம்.

வார்லிகள் வணங்கும் பாலகாட் தேவியைச் சதுரத்துக்குள் வரைவார்களே, அதையும் சுவரில் வரையலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். மாவ்ஷி மறுத்துவிட்டார். கல்யாண வீட்டில் சுமங்கலிப் பெண்கள் உள்சுவரில் எழுதுவது அது, தெருவுக்கு வராது என்றார். வார்லி ஓவியர் ஜிவ்யா சோமா மாஷே 1970-களில் அன்றாடம் வரையத் தொடங்கி, 2011-இல் பத்மஸ்ரீ பெற்று, இந்தக் கலையை உலகெங்கும் கொண்டுபோனதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் எதை வெளியே கொண்டுவரக் கூடாது என்பதை அந்த ஒரு மறுப்பில்தான் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். நானும்தான்.

சுவருக்குப் பெயிண்ட்தான் பயன்படுத்தினோம். ஓர் ஓரத்தில் மட்டும் அரிசி மாவு. ஜூன் மழையில் அது போய்விடும். மறுபடி எழுத வருவதாக மாவ்ஷி சொல்லியிருக்கிறார்.

செல்வி, கோத்தகிரியில் உன் பள்ளியிலிருந்து குறும்பர் பழங்குடியினரின் ஊர்கள் எவ்வளவு தூரம்? வேங்கை மரப் பிசினில் வண்ணம் எடுத்து வரைபவர்கள் அங்கே இருக்கிறார்களே, அவர்களில் ஒருவரை அழைத்துப் பார். கூலியை முதலிலேயே பேசிவிடு. அவர் வரைந்ததை விலை கொடுத்து வாங்கி எனக்கு ஒன்று அனுப்பு. மாவ்ஷி பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
கௌரி